அத்தை ஊற்றிய தண்ணீரும் ஆறு வருடம் பூக்காத லில்லியும்

எங்கள் வீட்டுப் பின்புறத்தில், துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு லில்லிப் புதர் இருந்தது. பெல்ட் மாதிரி நீள நீளமான இலைகள், நல்ல கரும்பச்சை, பார்வைக்கு அவ்வளவு செழிப்பு. வருகிறவர்கள் எல்லாம் "இது என்ன பூ பூக்கும்?" என்று கேட்பார்கள். ஆறு வருடமாக எங்களிடம் பதில் இல்லை. பூத்தால்தானே சொல்வதற்கு.

வாங்கியது ஏற்காட்டில். ஒன்பது வருடத்துக்கு முன் மே மாதக் கோடை விழாவுக்குப் போயிருந்தோம். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சியைக் கூட்டத்தில் இடிபட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சாலையோரத்தில் செடி விற்றவரிடம் வாங்கியது. கருப்புப் பையில் ஒரே ஒரு கிழங்கு, அதில் ஒரு தண்டு, தண்டில் நான்கு சிவப்புப் பூக்கள், ஒவ்வொரு இதழின் நடுவிலும் வெள்ளைக் கோடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அது என் மனைவியின் மடியிலேயே இறங்கி வந்தது. விற்றவர் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "மலைச்செடிங்க. கீழே சேலத்து வெயிலுக்குப் பூக்கிறது சந்தேகம்தான்."

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. பூக்காத ஒவ்வொரு வருடமும், "அவர்தான் அன்றைக்கே சொன்னாரே" என்று விட்டுவிட்டோம். ஆனால் கன்னங்குறிச்சியில் இதே வீட்டில், இதே வெயிலில், முதல் மூன்று வருடம் அது மண் தொட்டியில் ஒழுங்காகப் பூத்தது. அதை எல்லாருமே மறந்துபோயிருந்தோம். போன நவம்பரில் பழைய போட்டோக்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது, மொட்டை மாடியில் பையனுக்குப் பக்கத்தில் லில்லி பூத்து நிற்கிற படம் கண்ணில் பட்டது. பின்னால் தெரிவது எங்கள் தண்ணீர்த் தொட்டி. சரி, குற்றவாளி வெயில் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நர்சரியில் இதை அமரில்லிஸ் என்பார்கள். சரியான பெயர் ஹிப்பியாஸ்ட்ரம். உண்மையான அமரில்லிஸ் தென்னாப்பிரிக்காச் செடி. இது தென் அமெரிக்காச் செடி, பிரேசில், பெரு, பொலிவியா பக்கம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஆள் என்பதால் பூக்க இதற்குக் குளிர் தேவையில்லை. குளிர் தேவைப்படுவது டூலிப், டாஃபோடில் மாதிரி ஆட்களுக்கு. அவை மூன்று நான்கு மாதம் நல்ல குளிரில் கிடந்தால்தான் தண்டே சரியாக நீளும். ஒரு முறை ஆன்லைனில் டூலிப் கிழங்கு ஆறு வாங்கி, ஃபிரிட்ஜில் காய்கறி டிராயரில் வைத்து, வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு நட்டேன். ஒன்று மட்டும் இலைக்கு நடுவிலேயே குட்டையாகப் பூத்து இரண்டு நாளில் கருகியது. டூலிப் விஷயத்தில் சேலத்து வெயிலைக் குறை சொல்லலாம். லில்லிக்கு அந்தச் சாக்கு செல்லாது.

டிசம்பர் முதல் ஞாயிறு, மழை ஓய்ந்து மண் கொஞ்சம் இறுகியதும் தோண்டினேன். களைக்கொத்தால் சுரண்டிப் பார்த்தால் கிழங்கையே காணோம். ஒரு சாண் ஆழம் போன பிறகுதான் கழுத்து தட்டுப்பட்டது. யோசித்துப் பார்த்தேன். தொட்டியிலிருந்து தரைக்கு மாற்றிய அதே வருடம் செப்டிக் டேங்க் வேலை நடந்தது. தோண்டிய மண்ணைக் கொத்தனார் சுவரோரமாகப் பரப்பிவிட்டுப் போனார். லில்லி அதற்கு அடியில் போய்விட்டது. இந்தக் கிழங்கு மேல் பாதி, குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு வெளியே தெரிய நிற்க வேண்டியது. எங்களுடையது ஆறு வருடமாகத் தன் பலத்தையெல்லாம் மேலே எட்டிப் பார்ப்பதற்கே செலவழித்திருக்கிறது. பக்கத்து முருங்கை வேறு வளர்ந்து, காலை பத்து மணி வரை வந்துகொண்டிருந்த வெயிலும் போயிருந்தது. இரண்டும் போதாதென்று மூன்றாவதாக ஒன்று: துவைக்கிற கல் தண்ணீர்.

அத்தை எங்களோடுதான் இருக்கிறார். விடிகாலையில் எழுந்து பின்கட்டில் முகம் கழுவினால், செம்பில் மிச்சமிருப்பதை லில்லிக்கு ஊற்றாமல் உள்ளே வரமாட்டார். துணி அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், மேட்டூர் தண்ணீர் வருகிற நாளில் குடத்தில் இருந்த பழைய தண்ணீர், எல்லாம் அதற்குத்தான். வருடத்தில் 365 நாளும். "பச்சைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறேன், ஒரு மொட்டு விடுதா பாருங்க மாப்பிள்ளை" என்று அவருக்கும் அதன் மேல் கோபம்தான்.

தோண்டி எடுத்ததில் ஒன்று பதினொன்றாகியிருந்தது. பூண்டுப் பல் மாதிரி ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, சில தட்டையாகவே வளர்ந்திருந்தன. எனக்குச் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை. கையில் எது கிடைத்தாலும் எடை போடுகிற புத்தி. வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பட்டறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து, கிழங்கின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதினேன். பெரியது 212 கிராம், சுற்றளவு டெய்லர் டேப்பில் 23 சென்டிமீட்டர். சின்னது 18 கிராம். ஏழு கிழங்கு 100 கிராமுக்கு மேல், மூன்று பொடிசு. பதினொன்றாவதை எடை போடவில்லை. அதைத் தொட்டதும் விரல் உள்ளே போனது.

அழுகல். நாற்றம் அடிக்கிற பழுப்புக் கூழ். தூக்கிப் போடத்தான் போனேன். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தது. பழுதானதைப் பிரித்துப் பார்க்காமல் போடுகிற வழக்கம் தொழிலில் எனக்கு இல்லை. வெங்காயம் உரிப்பது போல உரித்துக்கொண்டே போனேன். நான்கைந்து அடுக்குக்குப் பிறகு வெள்ளையான சதை வந்தது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு உச்சியிலிருந்து அடி வரை நேராக இரண்டாகப் பிளந்தேன்.

உள்ளே பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். அடுக்கடுக்காக வெள்ளைச் செதில்கள். எல்லாம் அடியில் ஒரு தட்டையான கெட்டி வட்டில் போய் முடிகின்றன. கீழே வேர் புறப்படுவதும் அந்த வட்டிலிருந்துதான். செதில்களுக்கு நடுவில், ஓரத்தை ஒட்டி, சீரகம் அளவில் காய்ந்துபோன பழுப்பு நிறத் துணுக்கு ஒன்று. சாவணத்தால் எடுத்துப் பட்டறைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். சருகான பூமொட்டு. அதிலிருந்து நான்கு செதில் உள்ளே தள்ளி இன்னொரு சருகு, கொஞ்சம் பெரியது. அதற்கும் நான்கு செதில் உள்ளே, நடுக்குருத்துக்குப் பக்கத்தில், அரிசி அளவில் வெளிர்பச்சையாக உயிரோடு ஒரு மொட்டு.

இந்தக் கிழங்கின் கணக்கே அதுதானாம். நான்கு இலை விட்டால் ஒரு பூ மொட்டு, மறுபடி நான்கு இலை, மறுபடி ஒரு மொட்டு. மொட்டு உள்ளே உருவாகி வெளியே வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கிழங்குக்குத் தெம்பு இல்லாவிட்டாலோ, ஓய்வே கிடைக்காவிட்டாலோ மொட்டு உள்ளேயே கருகிவிடும். அடுத்த நான்கு இலை மட்டும் வெளியே வரும். ஆக, ஆறு வருடமாக எங்கள் லில்லி பூக்காமல் இல்லை. மண்ணுக்குள்ளேயே பூத்து மண்ணுக்குள்ளேயே கருகிக்கொண்டிருந்தது. கையில் அந்தச் சீரகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதே சமயம் நம்பிக்கையும் வந்தது. மற்ற கிழங்குகளுக்குள்ளும் ஒரு பச்சை அரிசி இருக்கத்தானே வேண்டும்?

அழுகிய கிழங்கின் நல்ல பாதியை ஆரஞ்சுச் சுளை மாதிரி எட்டாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் அந்த அடிவட்டில் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத செதிலில் குட்டி வராது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் சாஃப் என்கிற பூஞ்சைக்கொல்லிப் பவுடர் கலந்து அரை மணி நேரம் துண்டுகளை ஊறவைத்து, நிழலில் ஆறவிட்டு, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான தேங்காய் நார்த்தூளோடு கொலுசு பேக் செய்கிற ஜிப் கவரில் போட்டு மூடி, பரணில் இருட்டில் வைத்தேன். பவுடரைக் கையாளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிழங்கைத் தொடும்போதும் நல்லது. அதன் சாறு பட்டு எனக்கு மணிக்கட்டில் இரண்டு நாள் அரிப்பு.

மிச்சம் பத்துக் கிழங்குக்கும் அதே சாஃப் குளியல். காய்ந்த வேரை மட்டும் நறுக்கினேன். தடித்த வெள்ளை வேரில் கை வைக்கவில்லை. இலையைக் கழுத்துக்கு இரண்டு விரல் மேலே விட்டு வெட்டிவிட்டு, முறத்தில் பரப்பிச் சமையலறைக்கு வெளியே நிழலில் காயவைத்தேன். இது நான் செய்த மடத்தனம். மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தால், சமையல் மேடையில் வெட்டுப்பலகை, அதன் மேல் தோல் உரித்த என் 64 கிராம். அத்தைக்குக் கண் கொஞ்சம் மங்கல். பல்லாரி வெங்காயம் என்று எடுத்துவிட்டார். மார்க்கர் எழுத்தைப் பார்த்து, "வெங்காயத்தில் என்னமோ நம்பர் போட்டிருக்கே" என்று யோசித்து நிறுத்தியிருக்கிறார். அந்த நம்பர் எங்களைக் காப்பாற்றியது. இந்தக் கிழங்கில் லைகோரின் என்கிற நஞ்சு இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. அன்றைக்கே முறம் பரணுக்குப் போய்விட்டது. லில்லிக் கிழங்கு எடுக்கிறவர்கள் அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

ஒரு வாரம் காய்ந்ததும் எட்டு அங்குல மண் தொட்டிகளில் நட்டேன். கிழங்குக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் போதும். பெரிய தொட்டி கொடுத்தால் ஈரம் தேங்கும். செம்மண் இரண்டு பங்கு, கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, மக்கிய மாட்டு எரு ஒரு பங்கு. கழுவாத எம்-சாண்டில் உள்ள மாவு, தண்ணீர் பட்டதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். இரண்டு முறையாவது அலசுங்கள். மேல் பாதி வெளியே தெரியும்படி நட்டு, மொட்டை மாடியில் கிழக்குச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். பிறகு தண்ணீரே கிடையாது, பிப்ரவரி நடுவரை.

இந்த இரண்டு மாதம்தான் மொத்த வேலையிலும் கஷ்டமான கட்டம். செய்வதற்கு ஒன்றுமே இல்லை, அதுதான் கஷ்டம். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "வாயில்லாத ஜீவன் மாப்பிள்ளை, நாக்கு வறண்டு கிடக்குது" என்று சோற்றில் கை வைக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்வார். நான் மொட்டு விஷயத்தை விளக்கினேன். ஏறவில்லை. கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள்: "அம்மா, அது விரதம்." அதற்குப் பிறகு அத்தை ஒரு சொட்டு ஊற்றவில்லை, மாடிக்கு வருகிற பையனையும் ஊற்றவிடவில்லை.

தண்ணீர் ஊற்றியவன் நான்தான். ஜனவரியில் ஒரு நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். மாடித் தண்ணீர்த் தொட்டி வழிந்து, வரிசையில் கடைசியாக இருந்த செடி இரண்டு நாள் ஊறியது. 131 கிராம், அழுகிப் போனது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 15 அன்று முதல் தண்ணீர், தொட்டிக்கு ஒரு டம்ளர், கிழங்கின் தலையில் படாமல் ஓரமாக. பிறகு வாரம் ஒரு முறை. கழுத்துக்குள் தண்ணீர் நின்றால் இலையிலும் கிழங்கிலும் குங்குமம் தீற்றியது போலச் சிவப்புக் கோடுகள் வரும். அது ஒரு பூஞ்சை நோய், வந்தால் தண்டு கோணிக்கொண்டு வளரும். இலை கிளம்பும் வரை அதிகத் தண்ணீர் வேண்டாம்.

மார்ச் 9. 212 கிராமின் தலையில் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. இலையா பூவா என்று அரை மணி நேரம் குனிந்து பார்த்திருப்பேன். இலை என்றால் நடுவிலிருந்து, நுனி உருண்டையாக, மெல்லியதாக வரும். இது கழுத்தின் ஒரு ஓரத்திலிருந்து, தடித்து, ஈட்டி முனை மாதிரி கூர்மையாக, இடுக்கில் லேசாகச் சிவப்போடு எட்டிப் பார்த்தது. பூதான். கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்து பார்த்துவிட்டு, "விரதம் பலிச்சிருச்சு" என்றார்.

அதற்கப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்தது. வெயில் இருக்கும் பக்கம் சாயும் என்பதால் தினமும் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். மார்ச் 28 காலை முதல் பூ விரிந்தது. முக்கால் முழத்துக்கு மேல் உயரமான வெற்றுத் தண்டு, உச்சியில் நான்கு திசைக்கும் நான்கு பூ. ஒன்பது வருடத்துக்கு முன் மடியில் வந்த அதே சிவப்பு, அதே வெள்ளைக் கோடு. 1799-ல் இங்கிலாந்தில் ஆர்தர் ஜான்சன் என்கிற கடிகாரக்காரர் இரண்டு வகை ஹிப்பியாஸ்ட்ரத்தை ஒட்டுச்சேர்த்து முதல் கலப்பின லில்லியை உண்டாக்கினார்; அதுவும் சிவப்பில் வெள்ளைக் கோடுதான். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு பொடிசு பொடிசாக வேலை பார்க்கிறவனுக்கு மகரந்தம் தொட்டு வைப்பது பெரிய விஷயமில்லை என்பது எனக்குப் புரிகிறது.

நூறு கிராமுக்கு மேற்பட்ட ஆறில் நான்கு பூத்தன. பெரியது மட்டும் இரண்டு தண்டு விட்டது. பூத்தவை எல்லாம் 140 கிராமுக்கு மேல். அது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் சுற்றளவு, நான் இப்போது பூக்கிற அளவு என்று வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஆனால் 190 கிராம் ஒன்று பூக்காமல் இலை மட்டும் விட்டது. கணக்குக்கு அடங்காத ஒன்று எப்போதும் இருக்கும். ஏற்காட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்கிற பூ இங்கே ஆறு நாள்தான் நின்றது. மூன்றாம் நாளிலிருந்து மதியம் பச்சை வலைக்கு அடியில் நகர்த்தி வைத்தும் அவ்வளவுதான். கோட்டை மாரியம்மனுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு தண்டை வெட்டிய அத்தை, முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசமே இல்லையே, இதுக்கா இவ்வளவு பாடு?" என்று சாமி படத்துக்கு முன்னால் சொம்பில் வைத்துவிட்டார்.

பூ வாடியதும் தண்டை மட்டும் வெட்டிவிட்டு இலையைக் காப்பாற்ற வேண்டும். அடுத்த வருடப் பூ இலையில்தான் இருக்கிறது. மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், ஒரு ஸ்பூன் விறகுச் சாம்பல். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மழைக்குப் பிறகு ஒரு காலை மாடி ஏறினால் மூன்று தொட்டியில் இலை பாதி இல்லை. விளிம்பு விளிம்பாகக் கத்தரித்த மாதிரி, கீழே கரும்பச்சைப் புழுக்கை. இலையைத் திருப்பினால் கூட்டமாகப் புழுக்கள்: கறுப்பு உடம்பு, அதில் வெள்ளைப் புள்ளி, இடையிடையே ஆரஞ்சுப் புள்ளி, கோலம் போட்ட மாதிரி. பார்க்க அழகு என்பது வேறு வயிற்றெரிச்சல். பாலிடெலா குளோரியோசே என்று பெயர். செங்காந்தளைத் தின்கிற அதே லில்லிப் புழு. இலை தீர்ந்தால் கழுத்து வழியாகக் கிழங்குக்கே இறங்கிவிடும். இரவில் டார்ச் அடித்து, சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். முதல் நாள் 43, மறுநாள் 17, மூன்றாம் நாள் 4. பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் இரண்டு சொட்டுச் சோப்பு கலந்து வாரம் ஒரு முறை, சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன். இலை மறுபடி வந்தது. ஆனால் அந்த மூன்று கிழங்கின் அடுத்த பூவுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

பரணில் வைத்த ஜிப் கவரைச் சொல்ல மறந்துவிட்டேனே. பத்து வாரம் கழித்துத் திறந்தபோது எட்டுத் துண்டில் மூன்று கூழாகியிருந்தன. மற்ற ஐந்திலும் செதிலுக்குச் செதில் நடுவில், அடிவட்டுக்குச் சற்று மேலே, பட்டாணி அளவில் வெள்ளையாகக் குட்டிக் கிழங்குகள், சிலவற்றில் நூல் மாதிரி வேர். நாற்றுத் தட்டில் நட்டு, வடக்கு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு மெல்லிய இலை, புல் மாதிரி. இவற்றுக்கு இப்போதைக்கு ஓய்வு கிடையாது, பொடிசு என்பதால் தொடர்ந்து தண்ணீர் உண்டு. அந்தப் பொறுப்பை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். மாடியில் பெரியவைகளுக்கு இந்த டிசம்பரில் மறுபடி விரதம் ஆரம்பித்தாயிற்று. தொட்டி வழியாமல் இருக்க மோட்டாருக்கு டைமர் மாட்டினேன்.

நேற்று ஆர்வம் தாங்காமல் குட்டிகளில் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன். 4 கிராம். 140-க்குக் குறைந்தது இன்னும் மூன்று வருடம்.